இறுக்கிக் கட்டிய வீடு

வீடு என்றால் ஓரிடத்தில் நிற்க வேண்டும். சுபாஜினிக்கு அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆடுகிறது, அசைகிறது, காற்று திரும்பினால் தானும் திரும்பிக்கொள்கிறது என்றால் அதற்குப் பெயர் வீடு இல்லை, தொட்டில். தொட்டிலில் குடித்தனம் நடத்தக் கூப்பிடுகிற மனுஷனுக்குக் கழுத்தை நீட்டினோமே என்று அவள் வாய்விட்டே சொல்லுவாள். கஜேந்திரன் அதைக் கேட்டுக்கொண்டே வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பான்.

அவன் தேடிப் பிடித்தது ஒரு பழைய படகு வீடு. இலங்கை மலைநாட்டில், லுணுகலையிலிருந்து மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையில் ஓட்டல் நடத்திய ஒருவர், வெள்ளைக்காரர்களைத் தண்ணீரில் தங்க வைப்பதற்காக இரும்பு அடிப்பாகமும் பலகைச் சுவருமாக அதைக் கட்டினார். பயணிகள் வருவது நின்றது, ஓட்டலுக்குப் பூட்டு விழுந்தது, படகு கரைச் சேற்றில் குந்திவிட்டது. ஓட்டல் இரும்பு கேட்டை வெல்டிங் செய்து பற்றவைக்கப் பதுளைக் கராஜிலிருந்து போன கஜேந்திரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எடுத்துக்கப்பா, இடமாவது மிச்சம்" என்றார் ஓட்டல்காரர். அங்கேயே கரையோரம் கட்டிக்கொள்ளலாம், அவருடைய காணிக்கும் ஒரு காவல் ஆகும் என்று பேச்சு முடிந்தது.

வேறு வழியும் இருக்கவில்லை. முந்தைய கார்த்திகை மழையில் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைப் பாதி மூடிவிட்டது. சுபாஜினி மகள் பிரஷாவைத் தூக்கிக்கொண்டு உடுத்த சேலையோடு ஓடினாள். பக்கத்துக் காம்பிராவில் இருந்த லெட்சுமியக்கா ஓடி வரவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் சில மாதம், அப்புறம் அவள் அண்ணன் தங்கராஜாவின் ஒற்றை அறைக் காம்பிராவில், நடுவில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். அண்ணி நல்லவள்தான். ஆனால் நல்லவர்கள் வீட்டிலும் எத்தனை நாளைக்கு இருமலை அடக்கிக்கொண்டு படுப்பது? புதிய வீடு வரும் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோருக்கும் வீடு இருந்தது.

ஆகவே கஜேந்திரன் படகைப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை மாலையில் பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஞாயிறு முழுக்க வேலை செய்வான். துருவைச் சுரண்டினான். ஓட்டை விழுந்த இடங்களில் தகடு வைத்துப் பற்றவைத்தான். அடிப்பாகம் முழுக்கச் சிவப்புப் பூச்சு இரண்டு தரம் பூசினான். ஊதிப்போன பலகைகளைப் பிடுங்கிய இடத்தில், ஓட்டலின் உடைந்த கட்டில்களிலிருந்து கழற்றிய சட்டங்களை வைத்து அடைத்தான். வெள்ளைக்காரர்கள் சாராயம் குடித்த மேசை அடுப்பு மேடையானது. "சாமி படத்த இதுக்கு மேலயா வைக்கப் போறீங்க?" என்று சுபாஜினி ஒரு பாட்டம் சண்டை பிடித்தாள். பிறகு அவளே சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதற்கு மேலேயே பிள்ளையாரை மாட்டினாள். மேடை அவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

ஆவணியில் படகைத் தண்ணீரில் இறக்கி, பால் காய்ச்சிக் குடிபோனார்கள். முதல் இரவே சுபாஜினி தூங்கவில்லை. காற்று வந்தால் தரை அவளுக்குக் கீழே மெல்ல நழுவியது. மண் சரிந்த அன்றும் முதலில் அப்படித்தான் இருந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் தரை ஒரு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான். கண்ணை மூடினால் அந்த ஒரு விரற்கடை திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன். இங்க எனக்கு உசுரு நிக்கல" என்றாள்.

கஜேந்திரன் கெஞ்சவில்லை. இத்தனை மாத உழைப்பைச் சொல்லிக் காட்டவும் இல்லை. "ஆடக் கூடாது, அவ்வளவுதானே?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமாங்க. அசையவே கூடாது. அசைஞ்சா நான் இருக்க மாட்டேன்."

தோட்டத்தில் மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கிய பழைய இரும்புக் கம்பிவடம் கேட்பாரற்றுக் கிடந்தது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டு அதில் நான்கு துண்டு வெட்டிக்கொண்டு வந்தான். கரைப் பக்கத்து இரண்டு மூலைகளை மருத மரங்களில் ஆளுயரத்தில் கட்டினான். தண்ணீர்ப் பக்கத்து இரண்டு மூலைகளுக்கு வசதியாக, ஓட்டலின் இடிந்த படகுத்துறையுடைய கொங்கிரீட் தூண்கள் தண்ணீருக்குள் நின்றன. இடுப்பளவு தண்ணீரில் நின்று, தூணின் அடியில் கம்பியைச் சுற்றி, மறு முனையைப் படகின் விளிம்பில் பற்றவைத்த வளையத்தில் மாட்டி, அதில் கோத்த திருகாணியைத் திருகித் திருகி இறுக்கினான். கம்பி வீணை நரம்பு போல விறைத்தது.

பக்கத்தில் குடிசை போட்டு மீன் பிடிக்கிற, இவர்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற அஸீஸ் இதையெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல பருத்த ஆள். அவர் ஏறினால் அவருடைய தோணியே ஒரு முறை யோசிக்கும்.

"கஜேந்திரன் தம்பி, தண்ணி ஏறும், எறங்கும். படகும் கூடவே ஏறி எறங்கணும். இப்பிடி மாட்டக் கட்டுற மாதிரிக் கட்டினா சரிவராது. ரெண்டு பாக நீளம் கயித்த லூசா விடுங்க."

கஜேந்திரன் மனைவியைப் பார்த்தான். சுபாஜினி கதவில் நின்றாள், காலடியில் பெட்டி.

"நானா, ஒங்களுக்குத் தண்ணி தெரியும். எனக்கு மண்ணு தெரியும். இறுக்கிக் கட்டாததெல்லாம் ஒரு நாளைக்குப் போயிரும்" என்றாள்.

கஜேந்திரன் இன்னும் இரண்டு சுற்று இறுக்கினான். படகு அசையவில்லை. அவள் பெட்டியை அவிழ்த்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏற, கம்பிகள் இன்னும் விறைத்தன. தரை சிமெந்து போட்ட மாதிரி ஆனது. சுபாஜினிக்கு அப்படியொரு நிம்மதி. "இப்பத்தாங்க வீடு மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னாள். வேலை நாட்களில் கராஜிலேயே படுத்துக்கொள்கிற கஜேந்திரனுக்கு அதைக் கேட்டு மனம் குளிர்ந்துபோனது. புருஷனும் பெண்சாதியுமாக எமனை வாசலில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. இரவு முழுக்கக் கொட்டியது. பதுளையிலிருந்து வருகிற பசறைப் பாதையில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. விடிந்து சுபாஜினி அடுப்பு மேடையில் தண்ணீர்க் கேத்தலை வைத்தாள். கேத்தல் தானாக நகர்ந்து மேடையின் ஓரத்துக்குப் போனது. அவள் பிடித்து நடுவில் வைத்தாள். மறுபடியும் போனது. அப்போதுதான் கால் நனைந்ததைக் கவனித்தாள்.

தண்ணீர்ப் பக்கத்துக் கதவின் அடியால் பழுப்புத் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. கொஞ்சமாகத்தான் வந்தது. ஆனால் நிற்காமல் வந்தது.

"பாவி மனுஷா, எங்கயோ ஓட்டைய விட்டுட்டியே!" என்று அவள் கஜேந்திரனைத் திட்டினாள். வாளியை எடுத்து மொண்டு மொண்டு சன்னலால் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வந்தது. தரை சரிந்துகொண்டே போனது. பாயும் பானையும் பிரஷாவின் புத்தகப் பையும் வரிசையாக அடுப்படிப் பக்கம் இறங்கின. பிரஷா மேல் பக்கத்து வாங்குப் பலகையில் ஏறி நின்று, "அம்மா, திரும்ப மண்ணு வருதா?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது!

வெளியே அஸீஸின் குரல் கேட்டது. "புள்ள! சுபாஜினி புள்ள! குழந்தையக் கொண்டு எறங்குங்க! வாசல் பலகை போகப் போகுது!"

கரைப் பக்கம் உயர்ந்துவிட்டதால், கரையிலிருந்து படகில் ஏறுவதற்குப் போட்ட அந்தப் பலகை ஏணி போல நிமிர்ந்து, நுனியில் தொற்றிக்கொண்டு நின்றது. அவள் பிரஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருத மரத்துக் கம்பியைப் பிடித்தபடி இறங்கினாள். அஸீஸின் மனைவி நஸ்லியா பிள்ளையை வாங்கிக் குடிசைக்குள் கொண்டுபோய்த் தலை துவட்டினாள்.

கஜேந்திரனின் போன் நாலாவது தரத்தில்தான் எடுபட்டது.

"என்னங்க, வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு. ஒரு பக்கமாச் சாயுது."

"என் வெல்டிங் விட்டிருச்சா சுபா?" என்றான். "பிரஷா எங்க?"

"நஸ்லியாக்காகிட்ட இருக்கு."

"நீயும் அங்கயே இரு. உள்ள போகாத. போனா போகட்டும். கேக்குதா? போனா போகட்டும் சுபா!"

போன் அறுந்தது. அவள் கரையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

போன வருஷமும் இப்படித்தான் நின்றாள். மழையில், வெறுங்கையோடு, கண்ணுக்கு முன்னால் வீடு போவதைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மலையை யார் பிடித்து நிறுத்துவது? இன்றைக்கும் அதே கதி என்று நினைத்தபோது துக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடு படகை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

கரைப் பக்கத்து அடிப்பாகம் தண்ணீரை விட்டுத் தூக்கலாக நின்றது. சிவப்புப் பூச்சு மழையில் பளபளத்தது. அங்கே ஒரு கீறல் இல்லை. தண்ணீர்ப் பக்கம் மட்டும், விளிம்பு வரைக்கும், விளிம்புக்கு மேலேயும், உள்ளே அமுங்கிக் கிடந்தது. ஓட்டைப் பாத்திரம் இப்படியா முழுகும்? யாரோ அடியிலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி அல்லவா இருக்கிறது என்று தோன்றியது. தோன்றிய அதே நொடியில் யார் பிடித்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

"நானா, ஓட்டை இல்ல! கம்பி! கம்பிதான் கீழ இழுத்து வச்சிருக்கு!"

அஸீஸ் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

திருகாணியைக் கழற்ற வழி இல்லை. அது தண்ணீருக்குள் போய், இத்தனை இழுப்பில் விறைத்துக் கிடக்கும். அறுக்க வேண்டும். இரும்பு அறுக்கும் வாள் கஜேந்திரனின் பெட்டியில், படகுக்குள் இருந்தது.

"நான் போறேன்" என்றார் அஸீஸ், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.

"நீங்க அந்த மூலையில நின்னா அது இன்னும் தாழும் நானா. ஒங்க எடை அப்பிடி." இந்த நிலைமையிலும் அவளுக்கு அந்த வாய் போகவில்லை. "கட்டச் சொன்னது நான். நானே அறுக்கிறேன். என் இடுப்புல ஒரு கயித்தக் கட்டிப் பிடிச்சுக்குங்க, போதும்."

மீன் வலைக் கயிற்றை அவள் இடுப்பில் சுற்றி, மறு முனையை அஸீஸ் பிடித்துக்கொண்டார். இருவரும் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினார்கள். அஸீஸ் வாசல் நிலையில் காலை உதைத்து உட்கார்ந்தார். சுபாஜினி சரிந்த தரையில் சறுக்கிக்கொண்டே இறங்கி, பெட்டியைத் தேடி வாளை எடுத்தாள். மாற்று அலகு ஒன்றும் கிடைத்தது. அதைச் சேலை முந்தியில் சுற்றிச் செருகிக்கொண்டாள். தண்ணீர்ப் பக்கத்துக் கதவைத் திறந்ததும் முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. அவளுக்கு நீச்சல் தெரியாது. மலையில் யாருக்குத் தெரியும்?

"முகத்தத் திருப்பிக்கிட்டு அறுங்க! அறுந்தா சாட்டை மாதிரி அடிக்கும்!" என்று மேலேயிருந்து அஸீஸ் கத்தினார்.

கூரைத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதல் கம்பியில் வாளை வைத்தாள். துருப்பிடித்த கம்பி என்று நினைத்தால், உள்ளே புதுசு போல இருந்தது. வளையத்தையாவது பெயர்க்கலாமா என்று உதைத்துப் பார்த்தாள். கஜேந்திரன் பற்றவைத்தது அசையவில்லை. திட்டுவதற்குக்கூட அவன் ஒரு குறை வைக்கவில்லை. அழுகையோடு சிரிப்பும் வந்தது. அறுத்தாள். ஒரு இழை அறுந்தது. இன்னொன்று. திடீரென்று மிச்சம் எல்லாம் ஒன்றாகத் தெறித்து, காதருகே விசிறிக்கொண்டு போய்ப் பலகைச் சுவரைப் பிளந்தது.

படகு எழும்பவில்லை. திருகிக்கொண்டது. அறுத்த மூலை விடுபட்ட வேகத்தில் மற்ற மூலை இன்னும் ஆழமாக அமுங்கியது. உள்ளே பாத்திரங்கள் மொத்தமாகச் சரிந்தன. அவளும் அந்தப் பக்கம் சறுக்கினாள், தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கால் தரையில் இல்லை.

"போதும்! வந்திருங்க புள்ள! இழுக்கப் போறேன்!"

"இழுக்காதீங்க நானா! கை வச்சிங்கன்னா கயித்த அறுத்துருவேன்!"

அவள் இரண்டாவது கம்பிக்கு நகர்ந்தாள். வளையம் தண்ணீருக்குள் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாமல், தடவிப் பார்த்து அறுத்தாள். நான்கு இழுப்பில் அலகு முறிந்தது. முந்தியிலிருந்து மற்றதை எடுத்தாள். முறிந்ததைக் கழற்றி இதை மாட்ட நேரம் ஏது? சேலைத் துணியோடு சேர்த்து வெறுங்கையால் பிடித்து அறுத்தாள். துணி கிழிந்தது, பிறகு உள்ளங்கை கிழிந்தது. வலி தெரிந்தது, விட மனம் இல்லை. இது அவள் மஞ்சள் தண்ணீர் தெளித்த மேடை. பிரஷா உயரம் அளந்து கோடு போட்ட சுவர். இருமல் வந்தால் தாராளமாக இருமிய வீடு. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு மேலே வருவதற்கு அது துடிக்கிறது, அவள் கட்டிய கட்டு விடவில்லை. அந்த நினைப்புத்தான் வலியைவிட மோசமாக இருந்தது. "எழும்பு, எழும்பு" என்று படகிடம் கெஞ்சினாள்.

பாதிகூட அறுந்திருக்காது. மீதியைப் படகே பிய்த்துக்கொண்டது. விளிம்பு அவளை அடியிலிருந்து வாரித் தூக்கியது. அவள் கதவுக்குள் மல்லாந்து விழுந்தாள். அடுப்படித் தண்ணீர் அவளுக்கு மேலாகப் புரண்டு வெளியே கொட்டியது. படகு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, தொங்கலான மருத மரத்துக் கம்பிகளை ஒரு தரம் சுண்டிப் பார்த்தது, பிறகு மட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தது. அஸீஸ் வாசல் நிலையைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்கினார். சுபாஜினி எழும்பவில்லை. தரை அவளுக்குக் கீழே நழுவியது, திரும்பி வந்தது, நழுவியது. அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

மழை விட்ட பிறகு அஸீஸ் நீண்ட நைலோன் கயிறுகளைக் கொண்டுவந்து, தாராளமாகத் தொங்கவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பின்னேரம் கஜேந்திரன் வந்து சேர்ந்தான். மண் மூடிய இடங்களில் நடந்து, மிச்சத்துக்கு யாருடைய டிராக்டரிலோ தொற்றி, முழங்கால் வரை சேறு. முதலில் பிரஷாவைத் தூக்கி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு சுபாஜினியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். படகைப் பார்க்கவே இல்லை.

"பாதை பூராவும் யோசிச்சிக்கிட்டுத்தான் வந்தேன்" என்றான். "நான் ஒன்ன ரொம்பப் படுத்திட்டேன். அன்னைக்கே நீ போறேன்னு சொன்ன. ஒங்க அண்ணன் வீட்டுக்கே போயிருவோம். இத யாருக்காவது குடுத்துரலாம். என் வேலையில என்னமோ கொற இருந்திருக்கு."

"ஒங்க வேலையில ஒரு கொறயும் இல்ல" என்றாள் சுபாஜினி. "ஒரு சொட்டு ஒழுகல. ஒங்க வெல்டிங் கொஞ்சம் மோசமா இருந்திருந்தா என் கையாவது தப்பிச்சிருக்கும்."

அவன் புரியாமல் விழித்தான். அவள் பொறுமையாகச் சொல்லவில்லை, கோபமாகத்தான் சொன்னாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மண்ணு வந்தப்ப லயம் நம்மள உள்ள வச்சு அமுக்கப் பாத்துச்சு. ஓடினேன். ஓடினதுதான் சரி. இது அப்பிடி இல்லங்க. எவ்வளவு தண்ணி வந்தாலும் நம்மளத் தூக்கிக்கிட்டு மேல வரத்தான் பாத்துச்சு. நாந்தான் விடல. இப்ப இதையும் விட்டுட்டு, திரும்பப் போயி விரிப்பக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கச் சொல்றீங்களா?"

"நீ தூங்க மாட்டியே சுபா. இது ஆடும்."

"ஆடட்டும்."

கஜேந்திரன் அப்போதுதான் தலையைத் தூக்கிப் படகைப் பார்த்தான். பலகைச் சுவரில் கம்பி அடித்த இடம் பிளந்து கிடந்தது. காற்று வந்தது, வீடு மெல்லத் திரும்பியது. சுபாஜினியின் கை தானாக மரத்தைப் பிடித்தது. அவன் அதைப் பார்த்தான். அவள் மரத்தை விட்டுவிட்டு வாசல் பலகையில் கால் வைத்தாள்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி? பாயெல்லாம் நனைஞ்சு கெடக்கு. இருட்டுறதுக்குள்ள அந்தச் சுவத்த அடைங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.